கைவிடப்பட்ட வளர்ப்பு முயல்களை மீட்பது: சட்டம் எங்கே துணை நிற்கிறது, எங்கே தடுக்கிறது

நீங்கள் கேட்டிருப்பது இது: குடியிருப்புக்கு அருகிலுள்ள பூங்காவில் யாரோ நான்கைந்து வளர்ப்பு முயல்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அவற்றைப் பிடித்துப் பாதுகாக்க நினைக்கிறீர்கள். ஒருவர் அவை காட்டுயிர்கள், தொட்டாலே குற்றம் என்கிறார். இன்னொருவர் பிறர் உடைமையை எடுத்துச் செல்வது திருட்டு என்கிறார். மூன்றாமவர் புல்லும் புதரும் இருக்கின்றன, அவை தாமாகவே பிழைத்துக்கொள்ளும், விட்டுவிடுங்கள் என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி?

மூன்றாமவர் சொல்வது முற்றிலும் தவறு. முதல் இருவர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் அது எந்த நாட்டில், எந்த முயலைப் பற்றிய பேச்சு என்பதைப் பொறுத்தது. பல ஆண்டுகளாக முயல் மீட்பில் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். கைவிடப்பட்ட முயலின் கதி பெரும்பாலும் அதைச் சட்டம் எந்தப் பெயரில் அழைக்கிறது என்பதில்தான் தீர்மானமாகிறது. ஒரே உயிர் ஓரிடத்தில் செல்லப்பிராணி, ஓரிடத்தில் கால்நடை, ஓரிடத்தில் தீங்குயிர், வேறோர் இடத்தில் யாரோ தொலைத்த பொருள். மீட்பவர் முதலில் செய்ய வேண்டியது, தன் முன் நிற்கும் முயல் இவற்றுள் எந்தப் பெயருக்குள் வருகிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, அதற்கான சான்றையும் கையில் வைத்துக்கொள்வதுதான்.

தமிழில் 'முயல்' என்ற ஒரே சொல் இரு வேறு உயிரினங்களைக் குறிப்பதால் இந்தக் குழப்பம் நமக்குச் சற்று அதிகம். வீடுகளில் வளர்க்கப்படும் முயல்கள் எந்த நிறத்திலும் எந்த அளவிலும் இருந்தாலும், அவை அனைத்தும் ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயல் என்ற ஒரே இனத்திலிருந்து வந்தவை. இந்தியாவின் வயல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் ஓடும் காட்டு முயல் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. வளர்ப்பு முயலுக்கு 44 குரோமோசோம்கள்; காட்டு முயலுக்கு 48. இரண்டும் கலந்து குட்டி ஈனுவதில்லை. வளர்ப்பு முயலின் குட்டி மயிரின்றி, கண் திறவாமல், கூட்டுக்குள் பிறக்கிறது. காட்டு முயலின் குட்டியோ மயிரோடும் திறந்த கண்களோடும் திறந்த வெளியில் பிறந்து, சிறிது நேரத்திலேயே அசையத் தொடங்குகிறது. வெள்ளை நிறம், பல நிறத் திட்டுகள், தொங்கும் காதுகள், நீண்டு வளர்ந்த மயிர், மனிதரைக் கண்டும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் இயல்பு ஆகியவை வளர்ப்பு முயலின் தெளிவான அடையாளங்கள். மண் நிறத்தில், நீண்ட கால்களும் நீண்ட காதுகளும் கொண்டு, ஆளைக் கண்டதும் பாய்ந்து மறையும் முயலைத் துரத்த வேண்டாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுவதை மட்டுமல்ல, பிடிப்பதையும் பொறிவைப்பதையும் குற்றமாகக் கருதுகிறது; காட்டு முயல் அதன் பாதுகாப்புக்கு உட்பட்டது. வட அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்குள்ள காட்டன்டெயில் முயல்கள் பழுப்பு நிற வளர்ப்பு முயலைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் அவை அந்த மண்ணின் காட்டுயிர்கள். ஐயம் இருந்தால் தெளிவான படம் எடுத்து, முயல் அறிந்த கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ காட்டிய பிறகே கை வைக்க வேண்டும்.

வளர்ப்பு முயல் என்று உறுதியாகிவிட்டால், பல நாடுகளில் அதைக் கைவிட்டவர் குற்றம் செய்தவர் ஆகிறார். இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றி, பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதை வதை என்றே வகைப்படுத்துகிறது. போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் வைத்திருப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை மட்டுமே. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால்தான் 100 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். 1960-இல் எழுதப்பட்ட தொகை இன்னும் அப்படியே நிற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கொல்வது, நஞ்சூட்டுவது, ஊனப்படுத்துவது என்று போனால் மட்டும், இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. சிங்கப்பூரில் செல்லப்பிராணியைக் கைவிட்டவருக்கு, முதல் முறையே 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 25,000 யூரோ வரை செல்லும். ஜப்பானியச் சட்டம் காப்பதற்குரிய விலங்குகளின் பட்டியலில் நாய், பூனை ஆகியவற்றோடு வீட்டு முயலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கைவிட்டவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டமும் எந்த விலங்கையும் வேண்டுமென்றே கைவிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் கைவிடுதலைத் தனிக்குற்றமாகப் பிரித்துச் சொல்லாமல், விலங்குக்குப் பொறுப்பாளர் நிறைவேற்ற வேண்டிய கடமையை ஐந்து தேவைகளாக வகுத்துச் சொல்கிறது: ஏற்ற இருப்பிடம், ஏற்ற உணவு, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, பிற விலங்குகளுடன் சேர்த்தோ தனித்தோ வைக்கப்படும் தேவை, வலி நோய் காயங்களிலிருந்து பாதுகாப்பு. முயலைப் பூங்காவில் விட்டுச் செல்பவர் இந்த ஐந்தையும் ஒரே நொடியில் மீறுகிறார்.

இத்தனை சட்டங்கள் இருந்தும் முயலுக்குப் பயன் குறைவாக இருப்பதற்குக் காரணம், கைவிட்டவரைத் தண்டிக்கும் சட்டம் இருக்கிறதே தவிர, கைவிடப்பட்ட முயலைப் பெற்றுக்கொள்ள வேண்டிய கடமை பெரும்பாலும் யார் மீதும் சுமத்தப்படவில்லை என்பதுதான். இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தெருவில் திரியும் நாயைப் பிடித்து வைக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கிறது. முயலைப் பற்றி அது பேசவில்லை. கலிபோர்னியா இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு. காப்பகத்துக்கு வந்துசேரும் முயலையும் நாய், பூனைக்கு நிகரான காலம் வரை, அதே பராமரிப்போடு வைத்திருக்க வேண்டும் என்றும், அதைக் கொல்ல முடிவெடுக்கும் முன், கேட்கும் தகுதியுள்ள மீட்பு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அம்மாநிலச் சட்டம் கூறுகிறது. இப்படி ஒரு விதி இல்லாத இடங்களில் முயலின் உயிர் தனிமனிதரின் கருணையை நம்பித்தான் இருக்கிறது. அந்தத் தனிமனிதர் இப்போது நீங்கள்.

இனித் திருட்டு என்ற அச்சத்துக்கு வருவோம். சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு முயல் ஒருவருடைய உடைமை. ஜெர்மனியின் உரிமையியல் சட்டம் 1990-லிருந்து விலங்குகள் பொருள்கள் அல்ல என்று சொன்னாலும், சிறப்பு விதி இல்லாத இடத்தில் பொருள்களுக்குரிய விதிகளையே அவற்றுக்கும் பொருத்துகிறது. அதனால் பூங்காவில் நிற்கும் முயல் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கலாம்: தப்பி வந்தது, தொலைந்தது, அல்லது கைவிடப்பட்டது. முதல் இரண்டிலும் உரிமையாளரின் உரிமை அப்படியே இருக்கிறது. மூன்றாவதில் மட்டுமே அவர் தம் உரிமையைத் துறந்துவிட்டார் என்று சொல்ல முடியும். கைவிட்ட செயலே அவரைக் குற்றவாளியாகவும் ஆக்குகிறது, உரிமையற்றவராகவும் ஆக்குகிறது என்பதை நன்கு கவனியுங்கள். ஆனால் அந்த எண்ணம் அவருக்கு இருந்தது என்பதை நாம் காட்ட வேண்டியிருக்கும். கூண்டோடும் தீவனப் பையோடும் வைக்கப்பட்டிருந்தால், வெவ்வேறு வயதுள்ள பல முயல்கள் ஒரே இடத்தில் இருந்தால், அட்டைப்பெட்டி கிடந்தால், இரவில் ஒரு வாகனம் நின்று சென்றதை யாரேனும் பார்த்திருந்தால், அவை அனைத்தும் கைவிடுதலைக் காட்டும் சான்றுகள். தனியாக ஒரு முயல், நன்கு பராமரிக்கப்பட்ட உடலோடு, வீடுகளுக்கு இடையே திரிந்தால் அது தப்பி வந்ததாகவே முதலில் கருத வேண்டும்.

நல்லெண்ணத்தோடு எடுப்பவரைச் சட்டம் திருடனாக்குவதில்லை என்பதை இங்கே உறுதியாகச் சொல்லலாம். இந்தியாவில் முன்பு தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவாக இருந்து இப்போது நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவாக உள்ள விதியின் விளக்கம், கண்டெடுத்த பொருளைப் பாதுகாப்பதற்காகவோ உரியவரிடம் சேர்ப்பதற்காகவோ எடுப்பது குற்றமல்ல என்று தெளிவாகக் கூறுகிறது. உரிமையாளர் யார் என்று தெரிந்தும், அல்லது கண்டறியும் வழி இருந்தும், நியாயமான முயற்சி செய்யாமலும் போதிய காலம் காத்திருக்காமலும் தனதாக்கிக்கொள்வதுதான் குற்றம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமோ, கண்டெடுத்தவர் அதைப் பொறுப்போடு பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்றும், செலவைக் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாவிட்டாலும், அச்செலவு ஈடுசெய்யப்படும் வரை பொருளைத் தன்னிடமே நிறுத்தி வைக்கலாம் என்றும் சொல்கிறது. முயலுக்கு அறுவை செய்து குணப்படுத்திய பிறகு உரிமையாளர் என்று ஒருவர் வந்து நின்றால், மருத்துவ ரசீதுகள் எதற்காக வேண்டும் என்பது அப்போது புரியும். இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டு திருட்டுச் சட்டமும், நியாயமான முயற்சியால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாது என்று உண்மையாகவே நம்பி எடுப்பதை நேர்மையின்மையாகக் கருதுவதில்லை. ஜெர்மனியில் கண்டெடுத்தவர் உடனே அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும். ஆறு மாதம் கழிந்தும் உரிமையாளர் வராவிட்டால் உரிமை அவருக்கே வந்துசேரும்.

எனவே நியாயமான முயற்சி என்றால் என்ன என்பதை நடைமுறையில் சொல்கிறேன். முயல் இருந்த இடம், நிலை, உடனிருந்த பொருள்கள் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். அருகிலுள்ளோரிடம் விசாரியுங்கள். காவல் நிலையத்துக்கோ உள்ளூர் விலங்கு நல அமைப்புக்கோ எழுத்தில் தகவல் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முயலுக்கு அது பொதுவாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் பொருத்தப்படும். அறிவிப்பு ஒட்டும்போது முயலின் எல்லா அடையாளங்களையும் வெளியிட்டுவிடாதீர்கள்; ஒன்றிரண்டை மறைத்து வைத்தால்தான், வருபவர் உண்மையான உரிமையாளரா என்று சோதிக்க முடியும். கைவிட்டவரே மனம் மாறி வந்து, வளர்க்க இயலவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அதை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், முயலின் அடையாளம், தேதி, எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி, கையொப்பம் ஆகியவற்றோடு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் இல்லாததால், குணமாகி வந்த முயலை மீண்டும் அதே இருட்டறைக் கூண்டுக்கு அனுப்ப நேர்ந்த வலி எனக்கு உண்டு. கைவிட்டவர் யார் என்று தெரிந்துவிட்டாலும் அவருடைய முகத்தையும் வண்டி எண்ணையும் பொதுவெளியில் பரப்ப வேண்டாம். சான்றைக் காவல்துறையிடம் கொடுங்கள். தவறான ஆளைக் காட்டிவிட்டால் அவதூறு வழக்கு உங்கள் மீது திரும்பும், முயலுக்கான வழக்கும் கெடும்.

இன்னொரு எல்லையையும் நினைவில் கொள்ள வேண்டும். பொதுப் பூங்காவில் நிற்கும் முயலை எடுப்பது வேறு. வேறொருவர் வீட்டுத் தோட்டத்தில் பட்டினி கிடக்கும் முயலைச் சுவர் ஏறிக் குதித்து எடுப்பது வேறு. பின்னது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும் அத்துமீறல்தான். இங்கிலாந்துச் சட்டத்தில்கூடத் துன்புறும் விலங்கை எடுக்கும் அதிகாரம் ஆய்வாளருக்கும் காவலருக்கும்தான் உண்டு. அவர்களும் பிடியாணையின்றி குடியிருக்கும் வீட்டின் பகுதிக்குள் நுழைய முடியாது. அத்தகைய நிலையில் உங்கள் வேலை வெளியிலிருந்து சான்று சேகரித்து, எழுத்தில் புகார் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

மீட்பையே சட்டம் தடுக்கும் இடங்களும் உண்டு என்பதுதான் பலர் அறியாதது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இறக்குமதி செய்த சில முயல்கள் பெருகி, அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியையே நிரப்பின. அந்த வரலாற்றின் விளைவாகக் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இன்றும் முயலைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது சட்டவிரோதம். மாயாஜால நிகழ்ச்சி போன்ற சில தேவைகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. அங்கே கைவிடப்பட்ட முயலை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்பவரே குற்றவாளி ஆகிவிடுவார். முயல் வளர்க்க அனுமதியுள்ள பிற ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் ஒரு கொடிய முடிச்சு இருக்கிறது. காட்டில் பெருகிய முயல்களைக் குறைக்க 1950-இல் பரப்பப்பட்ட மிக்சோமா நச்சுயிரிக்கு எதிரான தடுப்பூசி உலகில் இருக்கிறது. ஆனால் அது காட்டு முயல்களுக்கும் நோயெதிர்ப்பைத் தந்துவிடக்கூடும் என்ற அச்சத்தால் ஆஸ்திரேலியாவில் அனுமதிக்கப்படவில்லை. எனவே அங்கே மீட்பவர்கள் கொசுவலையையும் உள்வீட்டு வளர்ப்பையும்தான் நம்புகிறார்கள். இதே இனம் தன் சொந்தத் தாயகமான ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அழியும் ஆபத்தில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. ஓர் உயிர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் உயிருக்கான மதிப்பே மாறிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் நடந்ததை, பலர் சேர்ந்து மீட்க நினைக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும். விக்டோரியா பல்கலைக்கழக வளாகத்தில் மக்கள் கைவிட்ட வளர்ப்பு முயல்கள் பெருகி ஆயிரத்தைக் கடந்தன. 2010-இல் அவற்றைக் கொல்லும் திட்டம் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. காப்பகங்கள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தும், அவற்றை நினைத்தபடி அள்ளிச் செல்ல முடியவில்லை. திறந்தவெளியில் திரியத் தொடங்கிய முயல்கள் அம்மாநிலக் காட்டுயிர்ச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டதால், பிடித்து இடம்மாற்ற அரசின் அனுமதி தேவைப்பட்டது. கருத்தடை செய்த பிறகே கொண்டுசெல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அனுமதி பெற்ற காப்பகங்களுக்கு நூற்றுக்கணக்கான முயல்கள் போய்ச் சேர்ந்து உயிர் பிழைத்தன. நேற்று வரை ஒரு வீட்டின் கூண்டில் பெயரோடு இருந்த முயல், வேலிக்கு வெளியே விடப்பட்டுக் குட்டி போட்டதும், சட்டத்தின் வேறொரு ஏட்டுக்கு மாறிவிடுகிறது என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. ஸ்காட்லாந்தில் 2021-லிருந்து விலங்குகளை மறுவாழ்வுக்குக் கொடுக்கும் அமைப்புகளுக்கும் காப்பகங்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கப்பட்டிருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நல்ல மனத்தோடு தொடங்கி, இடமும் பணமும் தீர்ந்து, மீட்ட இடமே வதைக்கூடமாக மாறுவதைக் கண்டிருக்கிறேன் என்பதால், உரிமம் தேவை என்ற கருத்தை நான் ஆதரிக்கிறேன்.

இப்போது மூன்றாமவர் சொன்னதற்கு வருகிறேன். வளர்ப்பு முயல் தானாகப் பிழைத்துக்கொள்ளாது. வெள்ளை மயிர் அதைப் பகைவிலங்குக்குத் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கிறது. எது உண்ணத் தக்க செடி, எது நஞ்சு என்று அதற்குக் கற்றுக்கொடுத்த தாய் இல்லை. அதற்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியாகத்தான் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியேற்றுகிறது, அதனால் கடும் வெயிலில் நிழலின்றி வெகுநேரம் தாங்காது. ஈரமும் அழுக்கும் படிந்த பின்புறத்தில் ஈக்கள் முட்டையிட்டால், ஒரே நாளில் புழுக்கள் உடலைத் துளைக்கத் தொடங்கிவிடும். இதற்கெல்லாம் தப்பிய முயல்கள் பெருகும். பெண் முயலுக்குக் கருமுட்டை இணைசேரும்போதுதான் வெளிப்படுகிறது. கருக்காலம் 30 முதல் 32 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் கருத்தரிக்க முடியும். ஆகவே உங்கள் பூங்காவில் இன்று இருக்கும் நான்கைந்து முயல்களை இந்த மாதமே எடுப்பதற்கும் மூன்று மாதம் கழித்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

பிடிக்கும்போது துரத்தக் கூடாது. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முயலின் எலும்புகள் மிக இலேசானவை, பின்னங்கால் தசைகளோ மிக வலியவை. அச்சத்தில் அது உதைக்கும் உதையே அதன் முதுகெலும்பை முறித்துவிடும். காதைப் பிடித்துத் தூக்குவது ஒருபோதும் கூடாது. முயல்கள் விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடுகின்றன. இரண்டு மூன்று நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் உணவு வையுங்கள். அவை வரப் பழகியதும், இரண்டு மூன்று பேர் மடக்கு வேலிகளை விரித்துப் பிடித்து, மெதுவாக வட்டத்தைச் சுருக்குங்கள். வட்டம் சிறிதானதும் ஒருவர் உள்ளே அமர்ந்து, ஒரு கையை மார்புக்குக் கீழும் மறு கையைப் பின்புறத்துக்குக் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்கிப் பெட்டிக்குள் பின்புறமாக இறக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடப்பதை அமைதி என்று எண்ணாதீர்கள். அது உறையவைக்கும் அச்சம். பிடித்து முடித்த பிறகு மண்ணையும் புதரடியையும் கவனமாகப் பாருங்கள். தாய் முயல் ஒரு நாளில் ஓரிரு முறை மட்டும் சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டு விலகிவிடும் என்பதால், மயிரால் மூடிய குழிக்குள் குட்டிகள் தனியே கிடக்கலாம். தாயை எடுத்துக்கொண்டு குட்டிகளை விட்டுவந்தால் அவை இறந்துபோகும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளில் கவனிக்க வேண்டியது அது உண்கிறதா, புழுக்கை போடுகிறதா என்பதையே. முயலின் குடல் இடைவிடாது இயங்க வேண்டும். அரை நாள் எதுவும் உண்ணாமல் இருந்தால் அது அவசர நிலை. மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. உணவின் பெரும்பகுதி உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் பற்களைத் தேய்ப்பதும் அதுதான். பட்டினி கிடந்த முயலுக்கு இரக்கத்தால் ரொட்டி, பிஸ்கட், நிறையக் காரட் கொடுப்பது குடலைக் கெடுக்கும். குட்டிக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. மருந்து விஷயத்தில் இரண்டை மட்டும் மறக்க வேண்டாம். அமாக்சிசிலின் உள்ளிட்ட பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துபோகலாம். நாய்க்குத் தடவும் ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து முயலுக்கு நஞ்சு. முயலுக்கு மருத்துவம் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் அலைச்சல் வீண்போகாது.

ஆணையும் பெண்ணையும் முதல் நாளே பிரித்து வையுங்கள். இரண்டும் பெண் என்று கொடுத்தவர் சொன்னார் என்பதை நம்ப வேண்டாம். நான் அப்படி நம்பிச் சேர்த்துவைத்த இரண்டில் ஒன்று ஒரு மாதத்தில் ஏழு குட்டி ஈன்றது. ஆணுக்குக் கருத்தடை செய்த பிறகும் சில வாரங்கள் கருத்தரிக்கச் செய்யும் திறன் நீடிக்கும். பெண்ணுக்குச் செய்யும் கருத்தடை, வயது கூடக்கூட மிகுதியாக வரும் கருப்பைப் புற்றுநோயிலிருந்தும் அதைக் காக்கிறது. வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால் புதியதைக் குறைந்தது இரண்டு வாரம் வேறு அறையில், வேறு பாத்திரம், வேறு துணியோடு வையுங்கள். முயல் ரத்தக்கசிவு நோயின் இரண்டாம் வகை நச்சுயிரி 2010-இல் பிரான்சில் கண்டறியப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அது காலணியிலும் துணியிலும்கூடத் தொற்றிவரும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரெனக் கொல்லும். அமெரிக்காவில் 2020-இல் அது தென்மேற்கு மாநிலங்களில் பரவியபோது, மாநில எல்லை தாண்டி முயல்களைக் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. உள்நாட்டிலேயே உருவான தடுப்பூசிக்கு 2021-இல் அவசரகால அனுமதி கிடைத்தது. ஒரே இடத்தில் காரணமின்றிப் பல முயல்கள் இறந்து கிடந்தால், அங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது பல நாடுகளில் சட்டக் கடமை.

கைவிடுதலை அதன் ஊற்றிலேயே தடுக்கும் சட்டங்களும் மெல்ல வருகின்றன. கலிபோர்னியா 2019 முதல் செல்லப்பிராணிக் கடைகள் காப்பகங்களிலிருந்தும் மீட்பு அமைப்புகளிலிருந்தும் பெற்ற நாய், பூனை, முயல்களை மட்டுமே விற்கலாம் என்று விதித்து, பின்னர் அவற்றைக் கடையில் விற்பதையே தடை செய்தது. நியூயார்க் மாநிலமும் 2024 டிசம்பரிலிருந்து அவ்வாறே செய்திருக்கிறது. இரண்டிலும் முயல் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தியாவில் 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் முயலையும் செல்லப்பிராணி என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பதிவற்ற கடை ஒன்றிலிருந்து முயல்கள் தொடர்ந்து வெளியேறித் தெருவுக்கு வருவது தெரிந்தால், கைவிட்ட ஒருவரைத் தேடுவதைவிட அந்தக் கடையின் பதிவைக் கேட்டு வாரியத்துக்கு எழுதுவது அதிக முயல்களைக் காக்கும்.

நீங்கள் மீட்ட முயல்களைப் பிறருக்குக் கொடுக்க நேர்ந்தால், அவை எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழக்கூடியவை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். கருத்தடை முடியும் முன் கொடுக்க வேண்டாம். கொடுக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில், எந்தக் காரணத்தால் வளர்க்க இயலாமல் போனாலும் முயலை வேறெவருக்கும் தராமல், எங்கும் விட்டுவிடாமல், உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைத் தனி வரியாகச் சேர்த்து, அந்த வரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.